45 டெசிபல்

வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் அவர் முதலில் கேட்டது, "பேங்க் எவ்வளவு தூரம்?" என்றுதான். பென்ஷன் எடுப்பது, பாஸ்புக் பதிவது எல்லாம் அவர் பாடு. சலானில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்றுகூட எனக்குத் தெரியாது. நாலு மைல் என்றாலும் சளைக்காமல் நடக்கிற மனிதருக்கு எதற்கு இந்தத் தூரக்கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் விசாரித்தது வேறு. பக்கத்தில் மெஸ் உண்டா, காலையில் இட்லி கிடைக்குமா? வெந்நீர் போடுவதைத் தாண்டி அடுப்படியில் அவருக்கு ஒன்றும் வராது.

அமைதியான இடம் வேண்டும் என்றுதான் கிளம்பினோம். அமைதி எனக்குத்தான் தேவைப்பட்டது. அவருக்குக் காது மந்தம். ஆயுசில் பாதியை அச்சாபீஸ் மிஷின் பக்கத்தில் கழித்தவர். காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டால் கோடம்பாக்கமும் காடும் அவருக்கு ஒன்றுதான். கீழ்க்கடை ஜெனரேட்டருக்கும் நடுராத்திரி ஹாரனுக்கும் புரண்டு படுப்பவள் நான். ரயிலை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1931-லிருந்து மின்ரயில் ஓடுகிற கடற்கரை–தாம்பரம் பாதை எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் போகிறது. கல்யாணமாகி வந்த புதிதில் முதல் வண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்காருவேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி ஓடாத ராத்திரிகளில் தூக்கமே வரவில்லை.

பேரன் அவருடைய போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதோடு சட்டத்தையும் படித்துவிட்டார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே இன்னும் ஐந்து குறைவு. "சட்டப்படி பார்த்தா உனக்கு ஏத்த இடம் ஆஸ்பத்திரி வாசல்தான்" என்று ஒருநாள் ராத்திரி கூட்டிக்கொண்டு போனார். ஆம்புலன்ஸ் ஒருபக்கம், சவாரிக்குச் சண்டை போடும் ஆட்டோக்காரர்கள் ஒருபக்கம், டீக்கடை ரேடியோ வேறு. 'ஒலி எழுப்பாதீர்' பலகைக்குக் கீழே நின்று ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். போனில் எண் எழுபதைத் தாண்டி ஏறியது. "மிஷின் தப்பாக் காட்டுதோ?" என்று என்னிடம் கேட்டார், காது கேளாத மனுஷன்.

நங்கநல்லூரில் தலைக்குமேல் விமானம். தென்காசியில் சாரல் சுகம்தான். ஆனால் சீசன் வந்தால் குற்றாலத்துக்குப் போகிற வண்டியெல்லாம் அந்த வழிதான். நல்ல வீடு அமைந்த ஓரிடத்தில் வீட்டுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "ரெண்டு பேர் மட்டுமா? பிள்ளைங்க வெளிநாடா?" என்று இழுத்தார். பத்து மாத அட்வான்ஸைக் கையில் வைத்திருந்தும் சாவி கிடைக்கவில்லை.

கோவை வடவள்ளிப் பக்கம் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பைப் பார்த்தோம். குளியலறையில் கைப்பிடி, இழுத்தால் மணி அடிக்கும் கயிறு, மூன்று வேளைச் சாப்பாடு. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவர் சாப்பாட்டுக்கு இனிக் கவலையில்லை. போனில் 38 காட்டியது. அவர்தான் உதட்டைப் பிதுக்கினார். பேங்குக்கு ஆட்டோ வைத்துப் போக வேண்டுமாம். சாயங்காலம் நடைபாதையில் போனவர்கள் எல்லாருமே எங்கள் வயசு. ஒரு பந்து உருண்டு வரவில்லை, ஒரு குழந்தை அழவில்லை.

ஆச்சி நினைவு வந்தது. தாத்தா போன பிறகு நார்க்கட்டிலைப் பின்கட்டிலிருந்து தெருப்பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னவள். தூசியும் இரைச்சலும் எதற்கு என்று அம்மா சண்டை போட்டாள். ஆச்சி கேட்கவில்லை. தண்ணிக்குடத்தோடு போகிறவள், மாடு பத்துகிறவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று ஆளாளுக்கு, "ஆச்சி, சாப்டாச்சா?" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பகல் முழுக்க அதற்குப் பதில் சொல்வதே அவளுக்கு வேலை. பின்கட்டில் பூனை நடந்தால் கேட்கும்.

கடைசியில் ஆச்சி ஊரான பாளையங்கோட்டைக்கே வந்தோம். மகாராஜநகரில் கீழ்வீடு. உழவர் சந்தை நடக்கிற தூரம். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்விடலாம். திருச்செந்தூர் ரயில் எப்போதாவது கூவிக்கொண்டு போகிறது. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி நாலரை மணிக்கே எழுப்பிவிடுகிறது. "45-க்கு மேல இருக்கு, கம்ப்ளைன்ட் பண்ணட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். எதிர்வீட்டுப் பெண் அந்நேரம் கோலம் போடும்போது எங்கள் வாசலையும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறாள்.

வந்த வாரமே என்னைப் பேங்குக்கு அழைத்துப்போய்ச் சலான் எழுத வைத்தார். தப்பாக எழுதினேன், கிழித்துப்போட்டு இன்னொன்று தந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை. ஏன் இந்தப் பாடம் என்று நான் கேட்கவில்லை. பதிலுக்கு நானும் அவரை அடுப்படியில் நிறுத்தினேன். அவரும் கேட்கவில்லை.

குக்கர் வைக்கும்போதுதான் சிக்கல். மூன்று விசில் வந்ததும் அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்வந்தால், அடிப்பிடித்த வாடையில் அசையாமல் நிற்கிறார். ஒரு விசிலும் கேட்கவில்லையாம். மறுநாளே எலெக்ட்ரிக் குக்கர் வாங்கினோம். அதில் விசில் இல்லை, வெந்ததும் விளக்கு மாறிவிடும். சாதம் இப்போது நன்றாகவே வடிக்கிறார். ரசத்துக்குத்தான் புளி இன்னும் கைக்கணக்குப் பிடிபடவில்லை.