கடன் வாங்காத கிறிஸ்துமஸ்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உங்களை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தவன் நான். இங்கே பத்து நிமிடம் போதும். வேலையாக இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

தீபம் முடிந்துவிட்டது. மலையுச்சியில் 11 நாள் எரிந்த சுடர் அடங்கி, கொப்பரையும் கீழே இறங்கிவிட்டது. மார்கழி பிறக்கப் போகிறது. நம் கீழ்பென்னாத்தூரில் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிட்டது. கூடவே இன்னொன்றும் ஆரம்பித்துவிட்டது. "சார், பண்டிகைக்கு ஒரு இருபதாயிரம் புரட்டணும், தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அதனால் அந்தக் கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன்.

நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டி. 20,000 ரூபாய்க்கு மாதம் 600. வருடத்துக்கு 7,200. அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது வாங்கிய உடுப்பு வெளுத்திருக்கும், அசல் மட்டும் வெளுக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் புதிதாக இன்னொரு இருபதாயிரம் ஏறும். வட்டிக்குப் பயந்து பண்டிகைச் சீட்டு கட்டினால் அதிலும் நிம்மதி இல்லை. நம் மாவட்டத்தில் அப்படிக் கட்டி ஏமாந்தவர்களை உங்களில் பலருக்குத் தெரியும்.

பணம் போவதைவிட என்னை உறுத்துவது வேறு. என் மாணவன் ஒருவன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான். பெயர் வேண்டாம். இரண்டு கிறிஸ்துமஸாக ஊருக்கு வரவில்லை. அவன் அம்மா சந்தையில் பார்த்துச் சொல்லி வருத்தப்பட்டார்கள். நான் போன் போட்டுக் கேட்டேன். "வெறுங்கையோட எப்படி சார் வர்றது? அக்கா பசங்களே மூணு பேர். துணி எடுக்காம போனா நல்லா இருக்குமா?" என்றான். அந்த அம்மாவோ என்னிடம், "துணிய யாரு சார் கேட்டா? அவன் மூஞ்சியப் பார்த்தா போதாதா?" என்றார்கள். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். ஆனால் நடுவில் ஒரு பண்டிகை வீணாகப் போகிறது.

வெறுங்கை என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதும் எனக்குக் கவிஞர் தாராபாரதி நினைவுக்கு வந்தார். அவரும் நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர், ஆசிரியராக இருந்தவர். வெறுங்கையையும் பத்து விரல்களையும் பற்றி அவர் எழுதியது உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கும் அது பொருந்தும். நாம் இன்று நினைத்துப் பார்த்துச் சிரிக்கும் கிறிஸ்துமஸ் எல்லாம் கையால் செய்தவைதான். கடையில் வாங்கியதில் எது நினைவிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஸ்டார். மூங்கில் சிம்பு பத்து, பட்டத் தாள் நாலைந்து, கொஞ்சம் நூல், ஒரு கிண்ணம் மைதாப் பசை. இவ்வளவுதான் முதலீடு. ஒரே நீளத்தில் ஐந்து சிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் வரும். அப்படி இரண்டு கட்டி, முனைகளை ஒன்றாகச் சேர்த்து, நடுவில் ஐந்து சின்னக் குச்சிகளை நிமிர்த்திச் செருகினால் வயிறு உப்பிய ஸ்டார் தயார். சிம்பு 24 அங்குலம் என்றால், இரண்டு முனையிலிருந்தும் 9 அங்குலம் 1 நூல் தள்ளி மற்ற சிம்புகள் குறுக்கே போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை. ஒவ்வொரு முனையும் 36 பாகை, ஐந்தையும் கூட்டினால் 180. இதைக் கரும்பலகையில் சொன்னபோது தூங்கியவர்கள்கூட ஸ்டார் கட்டும்போது முழித்துக்கொண்டு கேட்டீர்கள். உள்ளே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டுத் தொங்கவிட்டால் தெருவே நம்மைப் பார்க்கும்.

இது நான் மட்டும் கண்டுபிடித்த பாடம் இல்லை. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபையார் நடத்திய ஆண்கள் விடுதிப் பள்ளியில், ஏறக்குறைய 1830களில், வடிவியல் பாடத்துக்காகவே பிள்ளைகளைத் தாளில் நட்சத்திரம் செய்ய வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க விலைக்குப் போகும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் அப்படிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் பிறந்ததுதான்.

அடுத்தது குடில். கடையில் இப்போது பொம்மை செட்டே ஆயிரக்கணக்கில் விற்கிறது. நாம் செய்தது எப்படி? பன்னிரண்டு நாள் முன்னாலேயே தகர டப்பா மூடியிலும் உடைந்த மண்சட்டியிலும் ஈர மண் போட்டுக் கேழ்வரகு தூவிவிடுவோம். இருபத்துநாலாம் தேதி பார்த்தால் விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும். அதுதான் பெத்லகேம் புல்வெளி. ஏரிக்கரைக் களிமண்ணில் மாடு, கழுதை. கூரைக்கு வைக்கோல். மல்லாட்டைத் தொட்டியில் பஞ்சு ஒட்டி நாலு குச்சி செருகினால் ஆடு. ஒரு முறை ஒரு பையன் மேய்ப்பனுக்குத் தலைப்பாகையும் தோளில் துண்டும் போட்டு நம் ஊர் ஆளாகவே செய்துவிட்டான். அந்த வருடம் குடில் பார்க்க வந்த கூட்டம் வேறு எந்த வருடமும் வந்ததில்லை.

குடில் தொடங்கிய கதையும் செலவில்லாத கதைதான். 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற சின்ன மலையூரில் அசிசி நகர் பிரான்சிஸ் வைத்த குடிலைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னோடியாகச் சொல்கிறார்கள். தீவனத் தொட்டியில் வைக்கோல், பக்கத்தில் உயிருள்ள மாடும் கழுதையும். சுற்றி நின்றவர்கள் அந்த ஊர் மக்கள். ஏழையாகப் பிறந்தவரை ஏழைகளுக்குப் புரிகிற மாதிரி காட்ட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அதைப் பார்க்கக் கடன் வாங்கிக்கொண்டு வரவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மூன்றாவது கேரல் ரவுண்ட்ஸ். என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஒரு பெட்ரோமாக்ஸ், ஒரு டோலக், ஜால்ரா, பஞ்சு தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. பனியில் தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்போம். எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கும், எந்த வீட்டில் சுக்குக் காபி கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் வீட்டுக்கு வந்தால் மட்டும் ஒரு பாட்டு கூடுதலாகப் பாடுவோம். ஒரு வருடம் விடியற்காலையில் நாங்கள் திரும்பி வரும்போது எதிரே மார்கழி பஜனைக்காரர்கள் கிளம்பி வந்தார்கள். அவர்கள் ஆரம்பிக்கிறார்கள், நாங்கள் முடிக்கிறோம். நடுத்தெருவில் இரண்டு கூட்டமும் நின்று ஒன்றாக டீ குடித்தோம். இதற்கெல்லாம் யாரும் யாருக்கும் பத்து பைசா கொடுக்கவில்லை.

இப்போது சில இடங்களில் கேரலுக்கு வேன், ஸ்பீக்கர் பாக்ஸ், எல்லோருக்கும் ஒரே நிற டீஷர்ட் என்று பட்ஜெட் போடுகிறார்கள். செலவாகிவிட்டதே என்று வீடுகளில் வசூல் பேசுகிறார்கள். கொடுக்க முடியாத வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்கிறார். கேரல் வருகிறது என்று ஒரு வீட்டில் விளக்கு அணைகிறது என்றால் அதைவிட வருத்தம் என்ன இருக்கிறது? உலகமே பாடும் "சைலண்ட் நைட்" பாட்டு 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டார்ஃப் என்ற ஊர்க் கோயிலில் முதன்முதலாகப் பாடப்பட்டது. எழுதியவர் ஜோசஃப் மோர் என்ற உதவிக் குரு. மெட்டுப் போட்ட ஃபிரான்ஸ் க்ரூபர் நம்ம ஜாதி, பள்ளிக்கூட வாத்தியார்! அன்றைக்கு அவர்களிடம் இருந்தது இரண்டு குரலும் ஒரு கிட்டாரும்தான்.

நான்காவது பலகாரத் தட்டு. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு முறுக்கு நம் வீட்டுக்கு வரும். தீபத்துக்குப் பொரி உருண்டை வரும். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு அதிரசமும் அச்சு முறுக்கும் அங்கே போகும். தட்டு மட்டும் வெறுமனே திரும்பாது. நாலு வாழைப்பழமாவது, ஒரு கை சர்க்கரையாவது அதில் இருக்கும். சிறுவர்களும் அப்படித்தான். பனம்பூவைக் குழி தோண்டிச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கயிற்றில் சுழற்றும் மாவளியை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான். பட்டாசுக்குக் காசு கேட்காமல் இருட்டில் பூப்பூவாகப் பொறி பறக்கும். பதிலுக்கு எங்கள் பிள்ளைகள் அவர்களுக்கு ஸ்டார் கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். 2,668 அடி மலையில் மாலை ஆறு மணிக்கு ஏற்றும் தீபத்தை நம் ஊர் மொட்டை மாடியிலிருந்து எல்லோரும்தானே பார்க்கிறோம்? அதற்கு யார் டிக்கெட் வாங்கினார்கள்?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செலவில்லாத பண்டிகை என்று ஆண்கள் நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மாவு இடித்ததும், பாகு பார்த்ததும், அடுப்புப் புகையில் இடுப்பொடிய உட்கார்ந்ததும் அம்மாக்களும் அக்காக்களும். அந்த உழைப்புக்கு விலை போட்டால் கிறிஸ்துமஸ் ஒன்றும் மலிவு இல்லை. ஆகவே பலகாரம் வீட்டில் சுடுவதென்றால் முறுக்கு பிழிவதும் பாத்திரம் கழுவுவதும் ஆண்பிள்ளைகள் வேலை. முடியாதென்றால் ஒரே ஒரு பலகாரம் போதும். தட்டின் கனத்தை யாரும் நிறுத்துப் பார்க்கப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இல்லாமையை நான் புகழவில்லை. புதுத் துணி போட்ட பிள்ளை கோயிலுக்குப் போகும்போது நடக்கிற நடையே தனி. அதைப் பார்க்க ஆசைப்படாத தகப்பன் யார்? கையில் இருந்தால் தாராளமாக எடுங்கள். மூன்று பிள்ளைகளில் வளர்ந்து போனவனுக்கு மட்டும் இந்த வருடம், மற்றவர்களுக்குப் பொங்கலுக்கு என்று பேசிச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். பிள்ளைகளுக்குப் புரியாதது ஒன்றுதான். பண்டிகை முடிந்த மறுவாரம் வாசலில் ஒருவர் வந்து சத்தம் போட, அப்பா ஏன் பின்கட்டில் போய் நிற்கிறார் என்பது மட்டும் அவர்களுக்குப் புரிவதே இல்லை. அது அவர்களுக்குப் பல வருடம் மறக்காது. வகுப்பில் அந்த முகங்களை நான் ஜனவரி மாதத்தில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக வாழ்த்து அட்டை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், எல்லோருக்கும் கையால் கடிதம் எழுத நேரமில்லாமல், முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்தார். அன்றைக்கு ஒன்று ஒரு ஷில்லிங். சாதாரண ஜனங்களுக்கு அது பெரிய காசு. நாமோ பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து, அதிலிருக்கும் மினுமினுப்பு பார்டரை ஒட்டி, உள்ளே நம் கையெழுத்தில் நாலு வரி எழுதினோம். நீங்கள் கொடுத்த அப்படிப்பட்ட அட்டைகள் ஒரு பிஸ்கெட் டப்பா நிறைய இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்துகள் எத்தனையோ. போன் மாற்றியதும் போய்விட்டன.

ஆகவே இந்த வருடம் நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை பத்து மணி முதல் என் வீட்டுத் திண்ணையில் ஸ்டார் கட்டலாம். மூங்கில் சிம்பு நான் வாங்கி வைக்கிறேன். பட்டத் தாளும் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் நீங்கள் கொண்டு வாருங்கள். எந்த மதத்துப் பிள்ளையானாலும் அனுப்புங்கள். குடிலுக்குக் கேழ்வரகு இன்றே தூவிவிடுங்கள், நாளைக்குத் தள்ளினால் புல் குட்டையாகத்தான் நிற்கும். கேரல் இந்த முறை நடந்துதான், வேன் கிடையாது. பாட வராதவர்கள் ஜால்ரா தட்டலாம்.

வெளியூரில் இருப்பவர்கள் பஸ் காசு மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள். வீட்டில் எது இருக்கிறதோ அதைச் சாப்பிடலாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு ஸ்டார் கட்டிக் கொடுத்தால் அடுத்த வருடமும் மாமா வருவாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள். கடன் கேட்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
கீழ்பென்னாத்தூர்