மூன்று யாசீன்

ஒரே அத்தியாயத்தை ஏன் திரும்பத் திரும்ப ஓத வேண்டும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஷஃபான் மாத நடுவில் வரும் பராஅத் இரவையே நான் விடையாகச் சொல்வேன்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பின், இலங்கையிலும் தமிழகத்திலும் பல பள்ளிவாசல்களில் 83 வசனங்கள் கொண்ட யாசீன் மூன்று முறை ஓதப்படும். ஆயுள் நீள ஒன்று. பலா முஸீபத்து எனும் துன்பங்கள் நீங்க ஒன்று. ரிஸ்க் எனும் வாழ்வாதாரம் பெருக ஒன்று. சொற்கள் மாறுவதில்லை, நிய்யத்து மாறுகிறது. இதற்கு ஆதாரமான ஹதீஸ் இல்லை என்று மறுப்போரும் உண்டு. அந்த வாதத்தை மார்க்க அறிஞர்களிடம் விடுகிறேன்.

இரண்டாவது யாசீனின்போது என் மனம் ஹல்துமுல்லைக்குப் போய்விடும். அப்பிரதேச செயலகப் பிரிவிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 அக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயன்களை மூடியது. மண்ணுக்குள் போனவர்கள் மலையகத் தமிழர்கள். இடம்பெயருமாறு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போவதற்குத்தான் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை.

பலா நீங்க ஓதுகையில் யாருடைய பலா என்று நாம் வரையறுப்பதில்லை. முதல் முறை ஓதும்போது என் வீட்டார் முகங்களே வந்து நிற்கின்றன. அடுத்த முறைதான் பிறர் வீடு தெரிகிறது. மனம் அவ்வளவு தூரம் நடந்து சேர, ஒருமுறை ஓதினால் எனக்குப் போதுவதில்லை.