ஒழுகும் இடமும் ஊறும் இடமும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருவீதி, ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கொஸ்லந்தைப் பக்கமாக இறங்கி வெல்லவாயவுக்குச் செல்லும். மற்றொன்று அப்புத்தளைக்கு ஏறிப் பண்டாரவளை, பதுளை நோக்கிச் செல்லும். தாழ்நிலத்திலிருந்து இச்சந்திக்கு வரும் எந்த மோட்டார் வண்டியும் மலையேறிய களைப்போடுதான் வந்து சேரும். ஓர் எஞ்சினின் உடல்நலத்தைச் சோதிக்க இந்த ஏற்றத்தைவிடக் கண்டிப்பான வைத்தியர் வேறில்லை.

என் தங்கையின் கணவர் இச்சந்தியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். டர்போ பூட்டிய டீசல் கார் அது. இரவில் எத்தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தாலும், நோயாளியைத் தியத்தலாவை அல்லது பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பார். அந்தக் கார் எண்ணெய் கக்கத் தொடங்கியபோது கவலை அவர் வீட்டோடு நிற்கவில்லை. அவரை நம்பியிருந்த லயங்களையும் பிடித்துக்கொண்டது.

முதலில் எஞ்சினின் தலைமேலுள்ள டப்பட் கவரில் கசிவு கண்டது. ஒரு கராஜில் பெக்கிங் மாற்றினார்கள். இரு வாரங்களில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையிலிருந்து எண்ணெய் சொட்டியது. கியர் பெட்டியை இறக்கிப் பின்புற ஒயில் சீலை மாற்றினார்கள். அதன்பின் டர்போவே நனைந்தது. “டர்போ முடிந்துவிட்டது, புதிது போடவேண்டும்” என்று தீர்ப்பு வந்தது. அதற்கான பணம் அவரிடம் இருந்ததென்னவோ உண்மைதான். ஆனால் அது, பதுளையில் தங்கி உயர்தர வகுப்புப் படிக்கும் மகளின் விடுதிச் செலவுக்கென்று என் தங்கை ஒதுக்கி வைத்திருந்த பணம். அன்றிரவு அவ்வீட்டில் அடுப்பு எரிந்தது, சாப்பிட்டவர் எவருமில்லை.

டர்போ என்பது யாது என்பதை மாணவ வாசகர்களுக்காகச் சிறிது கூறுதல் நலம். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி அது. சுவிற்சர்லாந்தின் பொறியியலாளர் அல்பிரட் பியூஹி 1905 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நூற்றுக்கு 15 பங்கு அளவில் குறைவு. ஆகவே மலைநாட்டு வண்டிக்கு டர்போ பேருதவியாகின்றது. அதன் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேலும் சுழலவல்லது. அத்தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே வரும். ஆனால், தன் எடையினால் மட்டுமே வடிந்து எஞ்சினின் அடிப்பாத்திரத்துக்குத் திரும்பும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் எஞ்சின் அறையில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் அயலில் இருக்கிறார். மறுநாள் அவரை அழைத்து வந்தோம். அவர் திருகாணி ஒன்றையும் தொடவில்லை. “எப்போது அதிகம் ஒழுகுகிறது, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“ஏற்றம் ஏறி வந்தால்தான், ஐயா. இறக்கத்தில் அவ்வளவு இல்லை.”

பெரியவர் தலையை அசைத்தார். “லயத்தில் மூன்று காம்பராவில் ஒரே சமயத்தில் வயிற்றோட்டம் கண்டால், மூன்றுக்கும் தனித்தனி மருந்தா தேடுவது? பீலித் தண்ணீரை அல்லவா பார்க்கவேண்டும்!” என்றார்.

பிறகு எஞ்சினைச் சுத்தமாகக் கழுவித் துடைக்கச் செய்தார். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்கு அடித்துச் செல்லும். புவியீர்ப்பு கீழே இழுக்கும். ஆகையால், நனைந்த இடங்களில் மிக உயரமானதும் முன்னாலுள்ளதுமே கசிவின் பிறப்பிடம் என்பது அவர் கூறிய முதற் பாடம். அடுத்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அவ்வாயில் ஒரு றப்பர்க் கையுறையை மாட்டினார். ஐந்து விரல்களும் உப்பி நிமிர்ந்தன! எஞ்சினின் வயிற்றில் காற்று அடைபட்டிருந்தது.

பிஸ்டனின் பக்கமாகச் சிறிது எரிவாயு எப்போதும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஏற்றத்தில் பாரம் கூடும்போது அதுவும் கூடும். அதை வெளியேற்றுவதற்கு ‘பிரீதர்’ எனப்படும் மூச்சுக்குழாய் உண்டு. பெரியவர் அக்குழாயை எஞ்சினிலிருந்து கழற்றியதும் கையுறை தளர்ந்து விழுந்தது. திறந்த வாயில் மெல்லிய ஆவியே வந்தது; புகை பீறிட்டிருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருளாகும். எனவே எஞ்சின் குற்றமற்றது. குழாயை ஊதிப் பார்த்தோம், மூச்சு ஏறவில்லை. வெளிப்பார்வைக்குப் புதியதுபோலிருந்த அதை நீளவாக்கில் வெட்டியபோது, உட்படை உரிந்து வழியை மூடியிருந்தது தெரிந்தது.

காரணம் விளங்கிவிட்டதல்லவா? வெளியேற வழியற்ற காற்று, டப்பட் கவரிலும் ஒயில் சீலிலும் எண்ணெயைப் பிதுக்கியது. டர்போவிலிருந்து வடிய வேண்டிய எண்ணெயையும் கீழிருந்து எதிர்த்துத் தடுத்தது. வடிய வழியின்றி அது தண்டின் ஓரமாக ஒழுகிற்று. புதிய டர்போ பூட்டியிருந்தாலும் அதுவும் ஒழுகியே இருக்கும்.

புதிய குழாய் பொருத்தி, ஹல்துமுல்லை வரை இறங்கி ஏறி வந்து பார்த்தோம். துடைத்த எஞ்சின் துடைத்தபடியே இருந்தது. டர்போவின் தண்டில் ஆட்டமில்லை என்பதையும் பெரியவர் விரலால் அசைத்துப் பார்த்து உறுதிசெய்தார்.

எண்ணெய்க் கசிவை அற்பமென்று தள்ளிவிடலாகாது. டர்போவின் புகைப்பக்கம் கடும் வெப்பமுடையது. அதன்மேல் எண்ணெய் விழுந்தால் தீப்பற்றக்கூடும். எண்ணெய் குறைந்தால் தண்டு வறண்டு, நல்ல டர்போவும் கெட்டுப்போகும். ஆகவே உடனே பழுதுபார்க்கவேண்டியதுதான். ஆனால், விலையுயர்ந்த உறுப்பை மாற்றச் சம்மதிப்பதற்கு முன், “மூச்சுக்குழாயையும் வடிகுழாயையும் பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்கும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. அக்கேள்விக்குச் செலவில்லை.

அம்மாத விடுதிப் பணம் குறித்த நாளில் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது. வெட்டிய குழாயின் ஒரு பாதியை என் மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பௌதிகவியல் ஆசிரியரிடம் காட்டவேண்டுமாம்.