சேற்றுக்கு வரும் விருந்தாளி

மார்கழி பிறந்தால் கையில் தடியும் காலடியில் நாயுமாக மலைச்சரிவில் பறவை பார்க்கப் போவது கொடைக்கானல்வாசிகளுக்கு வாய்த்த பாக்கியம். எங்கள் ராயபுரத்துக்கு மலை ஏது? வடக்கே போனால் அனல் மின் நிலையத்துச் சாம்பல் மேடுதான் உண்டு. ஆனால் பறவைக்கு மலைதான் வேண்டும் என்று யார் சொன்னது? கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் சேறு இருக்கிறது. சேற்றில் புழு இருக்கிறது. அது போதும். வடதுருவத்து ஓரத்திலிருந்து புறப்பட்டு வந்துவிடுகிறது கொசு உள்ளான். அதன் எடை சுமார் 25 கிராம்!

நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். காட்டு யானைக்குக் காட்டிய சிரத்தையை வீட்டுக் காக்கைக்கும் காட்டியவர். அவரைப் படித்தவர்களுக்கு எண்ணூர் ஒன்றும் மட்டமான இடமல்ல.

எனக்குத் துணை, கத்திவாக்கத்து நண்பர் ஒருவர். அவருக்குத் துணை, இரண்டு நாட்டு நாய்கள். கழிமுகம் நெருங்கியதும் இரண்டையும் சங்கிலியில் பிணைத்துவிடுவார். காரணம் உண்டு. நீர் வடிந்த நேரத்தில் மேய்ந்து, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் கோடையில் அத்தனை தூரம் திரும்பிப் பறக்க முடியும். நாய் ஒரு தரம் பாய்ந்தால் கூட்டம் முழுதும் எழும்பும். தின்றதில் ஒரு பங்கு அதிலேயே செலவாகிவிடும். நாய்க்கு அது விளையாட்டு; உள்ளானுக்கோ வழிச்செலவுப் பணம்.

ஆனாலும் நாய்களை வீட்டிலேயே விட்டுவரச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் கழிமுகத்தில் இறங்கிவிட்டது. நாங்கள் போன அன்று, தண்ணீரைக் கண்டாலே குதிக்கும் மூத்த நாய் கரையிலேயே நின்றுவிட்டது, இழுத்தும் நகரவில்லை. அப்புறந்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கருப்புப் பூசிய சிறகைக் கோதிக்கோதி ஓய்ந்து நின்ற கூழைக்கடா. கோதும் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் வயிற்றுக்குள் போகும்.

சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் அம்மாள் ஒருத்தி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், பறவைய மட்டும் பாத்துக்கினு போறீங்களே, இந்தக் கைய கொஞ்சம் பாருங்க” என்றாள்.

பார்த்தோம். முழங்கை வரை அதே கருப்பு.

அதற்குப் பிறகும் உள்ளான் வந்தது. ‘பறவை வந்துவிட்டதே, எல்லாம் சரியாகிவிட்டது’ என்று சிலர் திருப்திப்படுகிறார்கள். பறவை வருவது சேற்றுக்கு நற்சாட்சிப் பத்திரமல்ல. தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய வழி. வேறு போக்கிடம் தெரியாமல் வருகிறது. அந்த அம்மாளும் மறுநாள் காலையில் அதே சேற்றில்தான் இறங்கியிருப்பாள்.