கட்டில் கைமாறும்போது

கடையில் வாங்கும் பொருள் விலையோடு வருகிறது. வீட்டில் விற்கும் பொருள் கதையோடு போகிறது. கடைக்காரருக்குத் தாம் விற்கும் கட்டிலின்மீது பற்று இல்லை. வீட்டிலிருந்து விற்பவரோ அதன்மேல் உறங்கி எழுந்தவர். அதனருகே நின்ற கண்ணாடியில் முகம் பார்த்துப் பார்த்தே முதுமை எய்தியவர். ஆதலால், வீட்டுப் பழம்பொருளை விற்பது வாணிகம் மட்டுமன்று, விடைகொடுத்தலும் ஆகும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறிந்தவர்க்கு இது நன்கு விளங்கும். செங்கற்சூளைகளால் பெயர்பெற்று, இரயில்வே ஊழியர்களால் நிறைந்து, கோயில்களாலும் பள்ளிகளாலும் தமிழ்மணம் கமழ்ந்த இடம் அது. இரயில் பெட்டிகள் நின்ற பழைய பரப்பில் 2001ஆம் ஆண்டு கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. உயர்ந்த கட்டடங்கள் எழ எழ, தாழ்ந்த கூரை வீடுகள் பல மறைந்தன. மறைகின்ற வீட்டின் பொருள்கள் எங்கே போகும்?

அத்தகைய வீடொன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் மகனோடு போய்த் தங்க முடிவு செய்தார். துணிமணியும் பூசைப் பொருள்களும் வண்டியில் ஏறின. படுக்கையறைப் பொருள்கள் மட்டும் நின்றுவிட்டன. அகன்ற கட்டில் ஒன்று, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி ஒன்று, ஒப்பனை மேசை ஒன்று. அவை அடுக்குமாடியின் மின்தூக்கிக்குள் நுழையா. நுழைந்தாலும் அறை கொள்ளாது.

அவர் மருமகளாக வந்த நாளிலேயே அவை அவ்வீட்டில் இருந்தன. தாயகம் திரும்பிய துரை ஒருவர் விட்டுச்சென்ற பொருள்கள் ஏலத்திற்கு வந்தபோது, இரயில்வே எழுத்தராக இருந்த மாமனார் எடுத்தவை. மலாய்க்காரர் ‘லேலோங்’ என்று வழங்கும் ஏலம்தான் அவற்றை அவ்வீட்டிற்குக் கொண்டுவந்தது. இப்போது மற்றொரு விற்பனை அவற்றை வெளியே அழைத்தது.

மூன்றும் பிரஞ்சுப் பாணியில் அமைந்தவை. 1715 முதல் 1774 வரை பிரான்சை ஆண்ட 15ஆம் லூயி மன்னன் காலத்தில் அப்பாணி செழித்தது. கால்கள் நேராக நில்லாமல், மேலே புடைத்துக் கீழே ஒடுங்கி, ஆட்டின் பின்னங்கால்போல் வளைந்திருக்கும். தலைப்பலகையில் சிப்பியும் கொடியும் மலரும் செதுக்கப்பட்டிருக்கும். மன்னராட்சி மறைந்த பின்பும் அவ்வடிவம் மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் அதைப் பார்த்துச் செய்தனர். கீழை நாடுகளின் தச்சர்களும் தம் மரங்களில் அவ்வளைவுகளை இழைத்தனர். ஆகவே, பிரஞ்சுப் பொருள் என்பது வேறு. பிரஞ்சுப் பாணிப் பொருள் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேதான் மூதாட்டிக்குச் சோதனை வந்தது.

முதலில் வந்தவர் பழம்பொருள் வணிகர். சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அம்மா, துரை இவற்றைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்தார் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நான் சொன்ன விலையை இரட்டிப்பாகத் தருகிறேன்.”

மகன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவனுடைய மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்த நேரம் அது. இரட்டிப்பு விலை என்பது அக்குடும்பத்திற்குச் சிறு தொகையன்று.

“துரை விட்டுப்போனது உண்மை, தம்பி. எங்கிருந்து கொண்டுவந்தார் என்பதை நான் கண்டேனா? உள்ளே மெராந்திப் பலகை இருக்கிறதே. அது இந்தப் பக்கத்து மரமாயிற்றே!” என்றார் மூதாட்டி.

ஒருமுறை அலமாரியின் கால் ஆட்டங்கண்டபோது, பழுது பார்த்த தச்சர் பின்பலகையைக் கழற்றிக் காட்டியிருந்தார். வெளியே தேக்கு, உள்ளே மெராந்தி. பாரிசில் 18ஆம் நூற்றாண்டில் செய்த பொருளுக்குள் தென்கிழக்காசியக் காட்டு மரம் இருக்க வழியில்லை. அக்காலத்தில் பாரிஸ் தச்சர் சங்கம் தன் உறுப்பினர் செய்யும் பொருள்களில் பெயர் முத்திரை பதிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. இவற்றிலோ எந்த முத்திரையும் இல்லை.

வணிகர் போனபின் மகன், “இரண்டு வரிதானே அம்மா” என்றான். தாய் விடை கூறவில்லை. அன்று இரவு வீட்டில் பேச்சுக் குறைந்திருந்தது.

எழுதித் தரும் இரண்டு வரிக்கு என்ன வலிமை உண்டு என்பதை வெர்சாய் அரண்மனையின் வரலாறு காட்டும். பிரஞ்சுப் புரட்சியின்போது அவ்வரண்மனையின் பொருள்கள் 1793 ஆகஸ்டு 25 முதல் 1794 ஆகஸ்டு 11 வரை ஏலம் விடப்பட்டன. ஏலத்தில் கூறப்பட்ட தொகுதிகள் 17,182. அரசரும் அரசியும் பயன்படுத்திய பொருள்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. பல கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தன. ஆயினும், பிற்காலத்தில் அவற்றுள் சிலவற்றை அடையாளங்கண்டு மீட்க முடிந்தது. எப்படி? அரண்மனைப் பொருட்காப்பகத்தார் பொருள்களின்மேல் எண் எழுதினர். அதே எண்ணைப் பதிவேட்டிலும் குறித்தனர். அரசு அழிந்தது, எழுத்து அழியவில்லை. 1975இல் அரசியின் படுக்கையறை பழைய கோலத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

நம்மவர் நிலையைப் பார்ப்போம். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், கடல் கடந்து ஈட்டிய செல்வத்தால் செட்டிநாட்டில் மாளிகைகள் எழுப்பினர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் அங்கே சென்றன. தலைமுறைகள் பெருகிப் பங்குகள் சிறுத்தபோது, சில மாளிகைகள் இடிபட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவும் தூணும் கட்டிலும் பேழையும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. எந்த வீட்டுக் கட்டில், எவர் செய்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடையில்லை. பொருள் இருக்கிறது, பெயர் போய்விட்டது.

சில நாள் கழித்து, ஷா ஆலாமில் புதுவீடு வாங்கிய இளம் தம்பதியர் வந்தனர். மூதாட்டி சன்னல்களைத் திறந்து வெளிச்சம் விழச் செய்தார். கட்டிலின் பின்காலில் வண்டு துளைத்த இடத்தைக் காட்டினார். புதிதாகத் தூள் உதிரவில்லை, ஆகவே அது பழைய துளை என்பதையும் விளக்கினார். கடையில் விற்கும் மெத்தை இதற்குப் பொருந்தாது, அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும் என்றார். அலமாரிக் கண்ணாடி பின்னாளில் மாற்றியது என்பதையும் மறைக்கவில்லை.

“அப்படியானால் இது பிரான்சில் செய்தது இல்லையா, அம்மா?” என்று இளம்பெண் கேட்டாள்.

“வடிவம் அவர்களுடையது, மரம் இந்த மண்ணுடையது. என் பிள்ளைகள் மூவரும் தவழ்ந்து ஏறிப் பழகியது இதன்மேல்தான்” என்றார்.

கட்டிலும் ஒப்பனை மேசையும் அவர்களிடம் சென்றன. கிடைத்த தொகை வணிகர் முதலில் சொன்ன விலையை ஒட்டியதே, இரட்டிப்பன்று. அலமாரியை அவர்கள் விரும்பவில்லை. அதை அவ்வணிகரே வந்து மரத்தின் விலைக்கு எடுத்துக்கொண்டார்.

பொருள்கள் வெளியேறுமுன், பல்கலைக்கழகம் செல்லவிருந்த பேத்தியை அழைத்துப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். யார் ஏலத்தில் எடுத்தார், எந்த வீட்டில் இருந்தது, உள்ளே என்ன மரம், எந்தக் கால் பழுது பார்த்தது என்பவை தமிழிலும் மலாயிலும் எழுதப்பட்டன. எழுதும்போது பேத்திக்கு ஒரு வியப்பு. அலமாரியும் மேசையும் போர்த்துகீசியர் வழிவந்த சொற்கள். மலாயிலும் அவை ‘அல்மாரி’, ‘மேஜா’ என வழங்குகின்றன. கட்டில் மட்டும் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்று ‘காத்தில்’ ஆன சொல். சொல்லுக்குப் பிறப்பிடம் உண்டு. புகுந்த வீடும் உண்டு. ஒன்றைச் சொல்வதற்கு மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. பொருளுக்கும் அப்படித்தான்.

புறநானூற்றின் 50ஆம் பாட்டில் ஒரு கட்டில் வருகிறது. முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல் அதன்மேல் உறங்கிவிட்டார் மோசிகீரனார். வாளெடுக்க வேண்டிய சேரமான் விசிறி எடுத்து வீசினான். அக்கட்டிலின் மரம் எது, வேலைப்பாடு எது என்று இன்று எவரும் கேட்பதில்லை. அதன்மேல் நிகழ்ந்ததைப் பாட்டு காத்தது. பாட்டு காத்ததால் கட்டில் வாழ்கிறது.

மூதாட்டியின் தாள்கள் இரண்டு. ஒன்று கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்புறம் ஒட்டப்பட்டு ஷா ஆலாம் சென்றது. மற்றொன்று அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டு வணிகரின் வண்டியில் ஏறியது. அதை அவர் வைத்திருப்பாரோ, கிழித்திருப்பாரோ! அது அவர் பொறுப்பு. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்ததோடு விற்றவரின் கடமை நிறைவுற்றது.