பாடகர் குழுவை விட்டு விலகலாமா?



சபையில் ஓர் ஊழியத்தை ஒருவர் விட்டுவிட நினைத்தால், அதற்கு நாம் பழகிய காரணங்கள் சில உண்டு. வெளியூரில் வேலை கிடைத்திருக்கும், திருமணம் ஆகியிருக்கும், அல்லது யாரோடாவது மனஸ்தாபம் உண்டாகியிருக்கும். சென்ற மாதம் என்னிடம் வந்த காரணம் இவற்றில் சேராதது. "ஐயா, நாம் பாடுவது நன்றாக அமைவதில்லை. அமைய வேண்டும் என்று யாருக்கும் கவலையும் இல்லை. நான் இந்தக் குழுவில் இருக்க வேண்டுமா?" என்று நமது இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி கேட்டார். அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னவை புதியவை அல்ல. முன் வரிசையில் அமர்ந்திருக்கும் எவருக்கும் தெரிந்தவை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் ஏழரைக்குத்தான் ஆள் சேர்கிறது. பாடல்கள் எவை என்பது ஞாயிறு காலையில் வாட்ஸ்அப்பில் வருகிறது. கிதாருக்குச் சுருதி சேர்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றை ஒரே மதியத்தில், ஒரே மைக்கில், ஒருமுறைகூட முழுமையாகப் பாடிப் பார்க்காமல் ஒலிப்பதிவு செய்தார்கள். மீதியை மதுரை ஸ்டுடியோவில் சரிசெய்துகொள்வார்கள் என்று சொல்லி எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்தப் பதிவில் தம்முடைய பெயரும் வருவது தமக்குக் கூச்சமாக இருக்கிறது என்றார் தம்பி. மதுரையில் ஓர் இசைக்குழு அவரை அழைத்திருக்கிறது. அவர்கள் வாரத்தில் இருமுறை பயிற்சி செய்கிறார்களாம்.

இந்தச் செய்தி வெளியே பரவிய சில நாட்களிலேயே தீர்ப்பும் வந்துவிட்டது. "தம்பிக்குப் பெருமை வந்துவிட்டது" என்றார்கள். அந்தத் தீர்ப்பு அவசரமானது. அருப்புக்கோட்டையில் தறி நெய்கிற ஒருவர், பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே நெய்கிறார். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது என்று அவர் விட்டுவிடுவதில்லை. அதை நாம் பெருமை என்று சொல்வதில்லை, தொழில் சுத்தம் என்கிறோம். இசைக்காரனுக்கு மட்டும் அந்த மரியாதையை ஏன் மறுக்க வேண்டும்? சவுலுக்காக வாத்தியக்காரனைத் தேடியபோதுகூட, நன்றாக வாசிக்கத் தெரிந்தவனாக வேண்டும் என்றுதான் அந்த ராஜா கேட்டான். நாளாகமத்தில் கெனானியா பாடகருக்குத் தலைவனாக வைக்கப்பட்டதும் அவன் அதில் தேர்ந்தவன் என்பதற்காகவே. "ஆண்டவருக்குத்தானே, அவர் இருதயத்தைப் பார்க்கிறார்" என்று சொல்லிச் சுருதி சேராத கிதாரை மேடையில் ஏற்றுவதற்கு வேதத்தில் நான் ஆதாரம் காணவில்லை.

பாடகர்கள் ஆலயத்தை விட்டு விலகிப்போன சம்பவம் ஒன்று வேதத்திலேயே இருக்கிறது. நெகேமியா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அவன் அர்தசஷ்டா ராஜாவிடம் போயிருந்த காலத்தில், காணிக்கைகளும் தசமபாகங்களும் வைக்கப்பட வேண்டிய பெரிய அறையை ஆசாரியனாகிய எலியாசிப் தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டான். தானியம் இருந்த இடத்தில் தொபியாவின் வீட்டுத் தட்டுமுட்டுகள் வந்து சேர்ந்தன. லேவியருக்கும் பாடகருக்கும் சேர வேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை. அவர்கள் அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். திரும்பி வந்த நெகேமியா என்ன செய்தான் என்பதைக் கவனியுங்கள். அவன் வயலுக்குப் போய்ப் பாடகர்களைத் திட்டவில்லை. அதிகாரிகளைக் கூட்டி, தேவனுடைய ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று அவர்களிடம் கேட்டான். அதன்பிறகே பாடகர்களைச் சேர்த்து அவரவர் நிலையில் நிறுத்தினான்.

கேள்வி முதலில் போக வேண்டிய இடம் எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நமது சபையில் அசனத்துக்கும் பண்டிகை விளக்குகளுக்கும் பணம் சேர்வதில் ஒருநாளும் தடை இருந்ததில்லை. மைக் வயர் அறுந்தால் மட்டும் பழைய வயரையே டேப் சுற்றி ஒட்டுகிறோம்.

ஆனாலும் எல்லாக் குறையும் ஒரே வகையைச் சேர்ந்ததல்ல. இது வானம் பார்த்த பூமி. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் ஊரில் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. மழை பெய்தும் வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததால் தண்ணீர் வந்து சேரவில்லை என்றாலோ, மடை சரியில்லாமல் நிறைந்த தண்ணீர் வீணாக ஓடிவிட்டது என்றாலோ, அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் கேள்வி எழும்பும். இசையிலும் அப்படித்தான். விலை உயர்ந்த மிக்ஸர் இல்லாதது மழை இல்லாததைப் போன்றது. பயிற்சிக்கு வராதது மடையைக் கவனியாதது. முதல் வகைக் குறைக்காக ஒருவர் விலகுவாரானால், அவரை இருக்கச் சொல்லி நான் கெஞ்சவும் தயங்கமாட்டேன். இரண்டாவது வகைக்காக விலகுகிறவரிடம் அப்படிக் கெஞ்ச எனக்கு நியாயம் இல்லை.

எளிய வாத்தியம் தரக்குறைவு ஆகாது என்பதைப் பறை அடிக்கிறவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். அவர்கள் அடிக்கத் தொடங்கும் முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுகிறார்கள். சூட்டில் தோல் இறுகிச் சத்தம் கணீரென்று வரும். விரலால் தட்டிப் பார்ப்பார்கள், காதைக் கொடுத்துக் கேட்பார்கள், போதவில்லை என்றால் மறுபடியும் நெருப்பில் காட்டுவார்கள். இடையில் தொய்ந்துவிட்டால் நிறுத்தி மறுபடியும் காய்ச்சுவார்கள். அவர்களிடம் மின்சாரக் கருவி ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் நமது மேடையில், மே மாதச் சூட்டில் கம்பிகள் விரிந்து சுருதி இறங்கிப்போன கிதாரை, ஜெபத்துக்கும் பாட்டுக்கும் இடையில் ஒருமுறை திருகிப் பார்க்க ஆள் இல்லை.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) ஐயாவை உங்களில் பலர் "பரட்டை அண்ணன்" என்று அறிந்திருப்பீர்கள். கிராமத்து மெட்டுகளிலும் தாளங்களிலும் அவர் பாடல்களை அமைத்தார். படிக்காதவர்களும் பாடக்கூடியதாக, பாடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடியதாக இசை இருக்க வேண்டும் என்பது அவர் இறையியலின் ஒரு பகுதி. பறையின் சத்தம் ஆலயத்துக்குள் வரலாமா என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர்கள் தங்கள் சுளிப்புக்குத் "தரம்" என்று பெயர் வைத்தார்கள். அது தரத்தைப் பற்றிய பேச்சு அல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விலக நினைக்கிறவர் தம்முடைய காரணத்தைத் தாமே பிரித்துப் பார்க்க வேண்டும். நமது கீர்த்தனைகளின் தந்தை என்று போற்றப்படும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடைய (1774–1864) வாழ்க்கையில் இது துலக்கமாகத் தெரிகிறது. சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர் அவர். சரபோஜி மன்னரும் அதே ஐயரிடம் பயின்றவர். 1820களின் பிற்பகுதியில், புதிதாக வந்த மிஷனரிகளோடு சாஸ்திரியாருக்குப் பெரும் பிணக்கு உண்டாயிற்று, ஊழியத்தையும் இழந்தார். ஆலயத்தில் தமிழிசைக்கு இடம் தராமல் தடுக்கிறார்கள் என்பது அவருடைய முறையீடுகளில் ஒன்று. அது நியாயமான முறையீடு. இருநூறு ஆண்டுகள் கழித்தும் நாம் அவர் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருப்பதே அதற்குச் சாட்சி. ஆனால் அதே முறையீட்டில் வேறொன்றும் இருந்தது. எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமர்ந்து திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்று மிஷனரிகள் வற்புறுத்தியதையும் அவர் கொடுமை என்றே எழுதினார். இசைக்காக அவர் பேசியதை நான் வணங்குகிறேன். மற்றதை ஏற்க என்னால் முடியாது. இரண்டும் ஒரே மனிதருடைய உள்ளத்தில் ஒரே கயிறாய்த் திரிந்து கிடந்தன.

பிற்பாடு 1853இல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாருடைய பாடல்கள் அதில் இடம்பெற்றன. மண்டபசாலை போன்ற இடங்களில் சபைகளை நிறுவிய மிஷன் அது. நம்முடைய கரிசல் காட்டுச் சபைகளுக்குள் கீர்த்தனைகள் வந்த வழியில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பாடல்கள் வந்தன. பிணக்கின் மற்றப் பகுதி வராமல் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அது வேறு வழியில் வந்துவிட்டது.

ஆகவே தம்பியிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். நாளைக்கே குழு நன்றாகப் பாடத் தொடங்கினால், அப்போதும் உனக்குப் போக வேண்டும் என்று தோன்றுமா? முன்னின்று பாடுகிறவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதோ, மதுரை மேடையின் வெளிச்சமோ அதில் கலந்திருக்கிறதா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, தெரு என்பது தமக்கு ஒரு பொருட்டல்ல என்றும், வெளிச்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றும் சொன்னார். அந்தக் "கொஞ்சம்" எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு நாங்கள் ஆலயத்துக்குள் போய் நின்று பார்த்தோம். மேடையிலிருந்து பின்சுவர் ஏறத்தாழ பதினேழு மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். பாடுகிறவருடைய குரல் சுவரில் மோதித் திரும்பி வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. மேலே தகரம், நாலாபுறமும் சிமெண்டுச் சுவர், திரைச்சீலை ஒன்றும் இல்லை. திரும்பி வரும் சத்தத்தின் பின்னே பாடகர்கள் இழுபடுகிறார்கள், தாளம் தளர்கிறது. இது போதாதென்று மிக்ஸரில் எக்கோவையும் முழுவதும் திருகி வைத்திருக்கிறோம். ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்குப் பின்னால் நின்று அவற்றின் முகத்தையே பார்க்கின்றன. அதனால்தான் செய்தியின் நடுவில் அந்த ஊளைச் சத்தம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டாம். எக்கோவைக் குறைக்கலாம்; ஒலிபெருக்கிகளை மைக்குகளுக்கு முன்னால் கொண்டுவந்து சபையைப் பார்த்துத் திருப்பலாம்; பின்சுவரில் பழைய ஜமக்காளங்களைத் தொங்கவிடலாம். ஜமக்காளம் தொங்கும் ஆலயம் அழகாக இருக்குமா என்று கேட்கிறவர்கள் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கட்டும்.

தம்பிக்கு நான் சொன்ன ஆலோசனை இது. குழுவினரை உட்கார வைத்து, சென்ற கிறிஸ்துமஸ் பதிவை எல்லாருமாக ஒருமுறை முழுவதும் கேளுங்கள். யாரும் நடுவில் பேச வேண்டாம். கேட்ட பிறகு மூன்றே காரியங்களைக் கேள்: பயிற்சிக்கு நேரத்துக்கு வருவது, வியாழக்கிழமைக்குள் பாடல்களை முடிவு செய்வது, சுருதி சேர்க்காமல் தொடங்காதிருப்பது. மூன்று மாதம் பார். தம்மைத் தாமே கேட்கச் சம்மதிக்கிற குழு எவ்வளவு மோசமாகப் பாடினாலும் அதில் இருக்கலாம். கேட்கவே மறுக்கிற குழுவில் உன்னுடைய திறமை துருப்பிடிக்கும், கசப்பும் சேரும்; அப்போது நீ போகலாம். உன்னை அனுப்பிவைக்கும் கடிதத்தில் நானே கையெழுத்துப் போடுவேன்.

போவதானாலும் முறையாகப் போக வேண்டும். கர்த்தர் என்னை அனுப்புகிறார் என்று மேடையில் அறிவிக்க வேண்டாம். சங்கதியைக் குழுத் தலைவரிடம் நேரில் சொன்னால் போதும். அட்வென்ட் தொடங்கிவிட்டால் பண்டிகை முடியும்வரை இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த ஏழாம் வகுப்புச் சிறுமிக்கு, டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தாமலே நாலு சுருதியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் போனாலும் அவரைப் பற்றித் திண்ணைகளில் பேசாதிருங்கள். பவுலும் பர்னபாவும் மாற்குவின் பொருட்டுக் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் சிறையிலிருந்து எழுதிய பவுல், அந்த மாற்குவைத் தம்மிடம் அழைத்து வரும்படி தீமோத்தேயுவிடம் கேட்டுக்கொள்கிறான்.

நெகேமியாவின் அதிகாரத்தில் இன்னும் ஒரு வசனம் பாக்கி இருக்கிறது. பாடகர்களைத் திரும்ப நிறுத்தியபின், பண்டகசாலைகளுக்கு உண்மையுள்ளவர்கள் என்று பெயர் பெற்ற நால்வரைப் பொறுப்பாக வைத்தான். நமது ஆலயத்தில் மைக் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று வருகிற கமிட்டிக் கூட்டத்தில் சொல்லும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.