நகர்த்தப்பட்ட கடிகார முள்

நல்ல கதையொன்றைச் சுவைத்து முடித்தவர், அதில் பிழை தேடத் தொடங்குவது இயல்பு. அதிலும் ஓர் இன்பம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான 'மாஷ்' என்னும் நகைச்சுவைத் தொடர், அவ்வின்பத்தை வாரி வழங்கும் களஞ்சியம். கொரியப் போர்முனைக்கு அருகே கூடாரங்களில் இயங்கும் அறுவை மருத்துவமனை ஒன்றே அதன் களம்.

முதற்பிழை காலக்கணக்கில் உள்ளது. கொரியப் போர் 1950 ஜூன் 25இல் தொடங்கி 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தத்தோடு ஓய்ந்தது. மொத்தம் 37 மாதங்கள். தொடரோ பதினொரு பருவங்கள் நீண்டது. அப்போர் கண்ட கிறிஸ்துமஸ் விழாக்கள் மூன்று; தொடர் காட்டியவை அதனினும் மிகுதி. மருத்துவமனைத் தலைவர் கர்னல் பாட்டர் 1952 செப்டம்பர் 19இல் வந்து பொறுப்பேற்கிறார். பின்னர் வந்த ஒரு பகுதியிலோ, 1951ஆம் ஆண்டு முழுவதும் அவரே தலைவராக வீற்றிருக்கிறார்! மருத்துவர் ஹாக்கை தொடக்கத்தில் வெர்மாண்ட் மாநிலத்தவர்; வீட்டில் தாயும் தங்கையும் உண்டு. பின்னாளில் அவர் மெய்ன் மாநிலத்தவராகிறார், உடன்பிறந்தோர் இல்லை, தாய் அவரது சிறுவயதிலேயே இறந்துவிட்டார். படையின் ஆன்மகுரு அருட்தந்தை மல்கேஹி முதற்பகுதியில் ஒரு முகத்தோடும், அதன்பின் வேறொரு முகத்தோடும் தோன்றுகிறார், நடிகரை மாற்றிவிட்டனர்.

குருமடத்தில் எமக்குக் கற்பித்த பாடமொன்று உண்டு: முரண்பாட்டைக் கண்டால் நகைத்துவிட்டு நகராதே, அது எவ்வாறு தோன்றியது எனக் கேள். இங்கே விடை எளிது. எழுத்தாளர் பலர், ஆண்டுகளும் பல. ஒருமுறை ஒளிபரப்பானதை மீண்டும் பார்க்கும் வசதி அன்று பெரும்பாலான இல்லங்களில் இல்லை. ஒவ்வொரு பகுதியும் அந்த ஒரு மாலைப்பொழுதுக்கென்றே எழுதப்பட்டது. இவை அசதியின் பிழைகள், யாருக்கும் தீங்கிழைக்காதவை.

தற்செயலான தவறு ஒன்று வரமாகவும் அமைந்தது. 1975 மார்ச்சில் ஒளிபரப்பான பகுதியில், முந்தைய தலைவர் ஹென்றி பிளேக் போர்க்கடன் முடிந்து வீடு திரும்புகிறார். அறுவைக் கூடத்தில் மருத்துவர்கள் குனிந்து பணிசெய்துகொண்டிருக்க, எழுத்தர் ரேடார் வந்து செய்தியை வாசிக்கிறார்: பிளேக் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது; பிழைத்தவர் எவருமிலர். கூடம் அமைதியில் உறைகிறது. அந்த அமைதிக்கு நடுவே, எங்கோ ஒரு கருவி கைநழுவித் தரையில் விழும் ஓசை கேட்கிறது. அது திட்டமிடப்பட்டதன்று, படப்பிடிப்பில் நேர்ந்தது. இயக்கியோர் அதை நீக்காமல் விட்டனர். துயரச் செய்தி வரும் வேளையில் கையிலிருப்பது நழுவும் என்பதை இழவுவீடு கண்டவர் அனைவரும் அறிவர்.

இனி, அறிந்தே செய்த பிழை. 1980இல் வந்த ஒரு கிறிஸ்துமஸ் பகுதியில், தலையில் குண்டடிபட்ட வீரர் ஒருவர் கொண்டுவரப்படுகிறார். அவர் பிழைக்கமாட்டார். ஊரில் பிள்ளைகள் இருக்கின்றனர். தந்தை மாண்ட நாளாக அவர்கள் கிறிஸ்துமசை நினைத்துக்கொண்டிருக்கலாகாது என்று, நள்ளிரவு கடக்கும்வரையேனும் அவர் உயிரைப் பிடித்துவைக்க மருத்துவர்கள் போராடுகின்றனர். நள்ளிரவுக்கு முன்பே உயிர் பிரிகிறது. ஹாக்கை சுவர்க்கடிகாரத்தின் முள்ளை முன்னே தள்ளுகிறார். இறந்த நாள் டிசம்பர் 26 எனப் பதிவாகிறது.

பொய் எதுவாயினும் பாவமே என்றார் புனித அகுஸ்தீனார். இரக்கத்தால் சொல்லப்படுவதற்கும் அவர் விலக்களிக்கவில்லை. அவரை மறுக்க எனக்குத் துணிவில்லை. அந்தப் பிள்ளைகள் தம் தந்தையின் இறுதி நேரத்தைப் பற்றிய உண்மைக்கு உரியவர்கள். ஆயினும், அம்முள்ளைத் தள்ளிய கையைக் கடிந்துகொள்ளவும் என் நா எழவில்லை. இறப்புச் செய்தியைச் சுமந்து வீட்டு வாயிலில் நிற்க நேர்ந்த குருக்கள் யாவருக்கும் இந்தத் தடுமாற்றம் தெரியும். அந்தப் பகுதி விடை தராமல், வினாவை நம் மடியில் வைத்துவிட்டுப் போகிறது.

ஆனால் பிழை எண்ணுவோர் பலரின் கண்ணுக்குத் தப்பும் பெரும்பிழை ஒன்று இத்தொடரில் உண்டு. கதை நடக்கும் மண் கொரியர்களுடையது. இலட்சக்கணக்கில் மாண்டவர்களும் அவர்களே. திரையிலோ அவர்கள் பெரும்பாலும் அகதிகளாக, பணியாட்களாக, அனாதைக் குழந்தைகளாக ஓரத்தில் வந்து போகின்றனர். கொரியப் பாத்திரங்களில் குறிப்பிடத்தக்க சிலவற்றைச் சீன, ஜப்பானிய வழிவந்த அமெரிக்கர்களே ஏற்றனர். தொடர் தொடங்கியபோது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. பார்த்தோர் மனத்தில் இருந்ததும் அப்போரே. இவ்வாறு கொரியா, பிறிதொரு துயரைப் பேசுவதற்கான திரைச்சீலையாயிற்று.

பாட்டர் எந்த ஆண்டில் வந்தார் என்பது தவறினால் யாரும் இழப்பது ஒன்றுமில்லை. துன்புற்றவரின் முகமே கதையில் தவறிப்போனால், இழப்பு அவர்களுடையது. போரைப் பற்றிய கதையொன்றைப் பார்க்கும்போது, கடிகாரமும் நாட்காட்டியும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பதோடு நில்லாமல், இவ்வூர் மக்கள் எங்கே என்றும் கேட்டுப் பார்ப்போமாக.